தாயின் கைக்கு வந்த ஊசி

நோயில் நன்மை காண்பதென்றால், விதிக்குத் தலைவணங்குவோர் தேடும் ஆறுதல் என்றே பலர் கருதுவர். பிள்ளைப் பருவத்தைப் பெரிதும் தாக்கும் முதல்வகை நீரிழிவின் வரலாறோ வேறொரு பாடத்தை உணர்த்துகின்றது.

உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழிப்பதால் விளைவது இந்நோய். 1922க்கு முன்னர் இதற்கு மருந்தில்லை. அமெரிக்க வைத்தியர் பிரெடெரிக் அலன் வகுத்த பட்டினிமுறை மரணத்தைச் சிறிது காலம் ஒத்திப்போட்டது, அவ்வளவே. ஊட்டி வளர்க்கவேண்டிய தாய், பசித்தழும் பிள்ளைக்கு உணவை மறுக்கும் கொடுமைக்கு ஆளானாள்.

1922 ஜனவரி 11ஆம் திகதி, கனடாவின் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில், ஏழை வீட்டுப் பிள்ளையான லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. மருந்து தூய்மை குறைந்திருந்தமையால் பெரும்பயன் விளையவில்லை. கொலிப் என்பார் அதனைத் தூய்மையாக்கியபின், 23ஆம் திகதி மீண்டும் ஏற்றினர். சிறுவன் தேறினான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

அவ்வாண்டு ஆகஸ்டில், அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ் ரொறன்ரோவுக்கு வந்தாள். 15 வயதை எட்டிய அவளது நிறை ஏறக்குறைய 45 இறாத்தலே. ஏழையின் மகனைக் காத்த மருந்தே அமைச்சரின் மகளையும் காத்தது. தனக்குத்தானே ஊசி ஏற்றப் பழகிய அவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகி, 1981 வரை வாழ்ந்தாள். ஆயினும் தன் நோயை ஊரறியாது மறைத்தே வாழ்ந்தாள்.

இன்சுலின் நோயை நீக்கவில்லை. நாள்தோறும் சுமக்கவேண்டிய பொறுப்பாக அதனை மாற்றியது. பொஸ்ரன் நகர வைத்தியர் எலியட் ஜொஸ்லின், உணவை நிறுக்கவும், சிறுநீரில் சீனியைச் சோதிக்கவும், ஊசி ஏற்றவும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். சமையலறைத் தராசு விஞ்ஞானக் கருவியாயிற்று. இலண்டனில், தாமும் இந்நோய் கொண்ட வைத்தியர் றொபேட் லோறன்ஸ், எழுத்தாளர் எச். ஜீ. வெல்சுடன் சேர்ந்து 1934இல் நீரிழிவாளர் சங்கத்தை நிறுவினார். வீட்டுக்குள் ஒளித்துவைத்த துன்பம், பலர் கூடிப் பேசும் விடயமாயிற்று.

இப்பிள்ளைகளை வளர்ப்போர் காணும் நன்மைகளின் வேர் இங்கேதான் உண்டு. தன் உடலைத் தானே அறிந்து பேணும் பிள்ளை, வைத்தியருக்குச் சமமாக நின்று வினாவெழுப்பும் தாய், இரவில் விழித்திருக்கும் முறையைப் பங்கிட்டுக்கொள்ளும் தந்தை: இவர்களை உருவாக்கியது நோயன்று, பகிர்ந்தளிக்கப்பட்ட அறிவேயாகும்.

அறிவைப் போலவே மருந்தும் பகிரப்படல் வேண்டும். பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் 1923இல் காப்புரிமையை ஆளுக்கொரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். நூறாண்டு கழிந்தும், வறிய நாடுகளில் இன்சுலினின்றிப் பிள்ளைகள் இறக்கின்றனர். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும், விலை தாளாது அளவைக் குறைத்து ஏற்றியோர் பலர்.

பொறுமையையும் ஒழுங்கையும் துணிவையும் பிள்ளை இந்நோயிலிருந்து கற்கலாம். கற்பதற்கு அது முதலில் உயிரோடிருத்தல் வேண்டும்.