வாரண்டி கார்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு

மிக்ஸி வாங்கினாலும் பேட்டரி வாங்கினாலும் கடைக்காரரிடம் நாம் கேட்பது, "எத்தனை வருஷம் வாரண்டி?" என்றுதான். அந்த வருஷத்தை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? சரித்திரம் சுவையானது.

சுவீடன் நாட்டுப் பொறியாளர் வாலோடி வைபுல் 1951-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே அறுந்த மாதிரிதான் என்ற எளிய எண்ணத்திலிருந்து ஒரு சூத்திரத்துக்கு வந்தார். அதற்குக் காட்டிய ஏழு உதாரணங்களில் எஃகு உண்டு, பீன்ஸ் விதையின் அகலம் உண்டு, நம் இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் உண்டு! அந்தச் சூத்திரத்தில் வரும் ஓர் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால், பொருள் ஆரம்பத்திலேயே படுத்துக்கொள்ளும் ரகம். மேலே இருந்தால் தேய்ந்து தேய்ந்து போகும் ரகம்.

1963 மாடல் கார்களுக்குக் கிரைஸ்லர் கம்பெனி எஞ்சின், கியர் பாகங்களுக்கு 5 வருஷம் அல்லது 50,000 மைல் என்று அறிவித்தது. விற்பனைக்கு நல்ல தந்திரம்தான். ஆனால் விற்கும்போதே எவ்வளவு பணம் எடுத்து வைப்பது?

1969-இல் மென்கே என்பவர் இதற்கு வழி சொன்னார். ஒரு பொருளின் விலை 100 ரூபாய், சராசரி ஆயுள் 48 மாதம், வாரண்டி 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். எந்த மாதத்திலும் பழுதாகும் வாய்ப்பு ஒன்றே என்றால், முழுப் பணமும் திருப்பித் தரும் வாரண்டிக்குச் சுமார் 39 ரூபாய் ஒதுக்க வேண்டும். உபயோகித்த காலத்துக்குக் கழித்துத் தந்தால் 21 ரூபாய் போதும். பேட்டரி, டயருக்கெல்லாம் ஏன் கழித்தே தருகிறார்கள் என்பது இப்போது புரியுமே! (பேட்டரி நாளாக ஆகத்தான் கெடும், அதற்கு வைபுல் கணக்கே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.) ஒதுக்கிய பணம் வட்டியும் ஈட்டுமல்லவா? 1976-இல் அமாடோ, ஆண்டர்சன் இருவரும் அதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

வாங்குகிறவர் பாடுதான் திண்டாட்டம். கார்டின் முன்பக்கம் கொடுத்ததைப் பின்பக்கப் பொடி எழுத்து பிடுங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டம், பத்து டாலருக்கு மேற்பட்ட பொருளின் எழுத்து வாரண்டி 'முழு' வாரண்டியா, 'வரையறுத்த' வாரண்டியா என்று வெளிப்படையாகச் சொல்ல வைத்தது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை 2007-இல் மைக்ரோசாஃப்ட் காட்டியது. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிகள் அளவுக்கு மீறிப் பழுதாயின. அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை 3 வருஷமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஏற்கெனவே காசு கொடுத்து ரிப்பேர் செய்தவர்களுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது.