அஞ்சறைப் பெட்டி சொல்லும் தோட்டப்புற வரலாறு

"வயித்து வலியா? இரு, ஓமத் தண்ணி வச்சுத் தர்றேன்." மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. சளிக்குக் கற்பூரவள்ளி, தலைவலிக்குச் சுக்குப் பற்று, வெட்டுக்காயத்துக்கு மஞ்சள், குத்துவிளக்குத் துலக்கப் புளி என்று வீட்டுக்கு வீடு ஒரு பட்டியல் உண்டு. பாட்டி வைத்தியம் என்று பெயர் வைத்து, உடல்நலப் பாடத்தோடு அதை நிறுத்திவிடுகிறோம். வரலாற்றுப் பாடத்திலும் அதற்கு இடம் உண்டு. நம் முன்னோர் கையில் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது என்ற இரண்டையுமே அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கிறது.

கப்பலேறி வந்த சரக்கு

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிக்கான சட்டம் வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிந்தது. கங்காணி மூலம் ஆள் வருவது அதற்குப் பிறகும் தொடர்ந்து, 1938-இல் இந்திய அரசு போட்ட தடையோடு நின்றது. இப்படி வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்க்காரர்கள். ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பச்சிலை பலவும் கடல் கடந்து வர முடியாதவை. காய்ந்த சரக்கோ நாள்பட்டாலும் கெடாது. சுக்கு, மிளகு, ஓமம், சீரகம், பெருங்காயம், வசம்பு, மஞ்சள் ஆகியவை கடைச் சரக்காகத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. இங்குள்ள வீட்டு வைத்தியம் பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டியைச் சுற்றியே அமைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெருங்காயம் தமிழ் மண்ணில் விளைந்த பொருள் அல்ல. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வணிகர் கொண்டுவந்த பிசின் அது. "நம்ம பாரம்பரியம்" என்று நாம் சொல்வதற்குள்ளும் பல ஊர்ச் சரக்கு கலந்திருக்கிறது என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட எளிய சான்று கிடைக்காது.

லயத்தின் பின்புறமும் அடுத்த வீட்டுக்காரரும்

லயத்து வீடுகளின் பின்புறத்தில் முருங்கை, துளசி, கற்பூரவள்ளி வளர்ந்தன. பக்கத்துக் கம்பத்தில் மலாய்க்காரர்களிடமும் பச்சிலை அறிவு இருந்தது. நாம் நிலவேம்பு என்பதை அவர்கள் ஹெம்பெடு பூமி என்கிறார்கள். கற்பூரவள்ளிக்கும் மலாயில் பாங்ஙுன் பாங்ஙுன் என்று பெயர் உண்டு. செராய் என்னும் எலுமிச்சம்புல்லும் பாண்டான் இலையும் நம் அடுப்படிக்குள் வந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

சீனர்களின் தைலமும் இதில் சேர்ந்துகொண்டது. ரங்கூனில் தொழில் நடத்திவந்த ஆவ் பூன் ஹாவ் 1926-இல் சிங்கப்பூருக்கு இடம் மாறியபோது புலி மார்க் தைலமும் கூடவே வந்தது. 1928-இல் லியூங் யுன் சீ சிங்கப்பூரில் கோடாலித் தைலத்தைத் தொடங்கினார். ஊருக்குப் போகும் தமிழர் பெட்டியில் கோடாலித் தைலம் தவறாமல் இடம்பிடித்தது. "சிங்கப்பூர் தைலம் கொண்டாந்தியா?" என்று தமிழ்நாட்டு உறவினர் கேட்கும் அளவுக்கு அது புகழ்பெற்றது. அங்கிருந்து மிளகும் ஓமமும் வந்தன. இங்கிருந்து தைலம் போனது. கொடுக்கல் வாங்கல் என்றால் இதுதான்.

சாம்பலும் புளியும்

வீட்டுக் குறிப்புகளுக்கும் இதே வரலாறு உண்டு. பால்மரக் கட்டை எரித்த அடுப்பில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பைப் போல வேலை செய்யும். புளியில் உள்ள அமிலம் பித்தளையில் படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். அரிசித் தகரத்தில் காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைத்தால் வண்டு அண்டுவது குறையும். எதற்கும் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல் 1945 வரை, சோப்பு முதல் மருந்து வரை எல்லாமே தட்டுப்பாடு. அப்போது பல குடும்பங்கள் சமாளித்தது இத்தகைய கைவைத்தியத்தாலும் கைப்பக்குவத்தாலும்தான்.

கஷாயம் தோற்ற இடம்

இந்த வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாகக் காடழித்த தோட்டங்களில் மலேரியா பலரைப் பலிகொண்டது. காய்ச்சலுக்கு வீட்டில் வேப்பம்பட்டையோ நிலவேம்போ காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கஷாயத்தால் மலேரியாவை நிறுத்த முடியவில்லை. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதற்கு 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் சான்று கண்டார். 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் தொடங்கியது. கிள்ளானில் பணிபுரிந்த மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்பில் வாய்க்கால் வெட்டி, தேங்கிய நீரை வடியவிட்டார். அங்கே மலேரியா வெகுவாகக் குறைந்தது. உயிர்களைக் காத்தவை வடிகாலும் கொய்னாவும்.

அந்தக் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. 1942-இல் போரால் அந்த வரத்து அறுந்தது. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் மலேரியாவிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களில் பலருக்கு அஞ்சறைப் பெட்டியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

சாதாரண நாளிலும் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. தோட்டத்து வேலை அன்றாடக் கூலி. ஒரு நாள் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. "சுக்குத் தண்ணி குடிச்சிட்டு வேலைக்குப் போ" என்ற பேச்சில் அன்பும் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு.

இன்றைக்கு ஏன் இது தேவை?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயம் போனதும் பின்புறத்துச் செடிகளும் போயின. இப்போது வைத்தியக் குறிப்பு புலனத்தில் வருகிறது. யார் சொன்னது, எந்த ஊர்ப் பழக்கம், எந்த அளவு என்ற விவரம் அதில் இருப்பதில்லை. டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு போதும் என்று நம்பி, மருத்துவமனைக்குத் தாமதமாகப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைய மலேரியா கற்றுத்தந்த பாடம் இன்றைய டெங்கிக்கும் பொருந்தும்: தேங்கிய தண்ணீரை அகற்றுவதே முதல் வேலை.

வசம்பும் அப்படித்தான். பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லா மருந்து என்றெல்லாம் பெயர் பெற்ற பொருள். கைக்குழந்தைக்குச் சுட்டு உரைத்துப் புகட்டுவார்கள். ஆனால் வசம்பை உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்க அரசு 1968-இலேயே தடை விதித்துவிட்டது. பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வசம்பின் பெயர்களை மொழிப் பாடத்தில் சொல்லிக்கொடுப்போம். அதைப் புகட்டும் பழக்கத்தைப் பழைய காலத்துப் பழக்கமாகவே சொல்லிக்கொடுப்போம். மலேசியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்கென 2016-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பதிவுபெற்ற மருத்துவர் செய்வது வேறு, நாம் அடுப்படியில் செய்வது வேறு.

வகுப்பறைக்கு ஒரு வேலை

மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு குறிப்பைக் கேட்டு வரட்டும். கூடவே நான்கு கேள்விகள்: இதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? பொருள் எங்கே கிடைத்தது? பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்ததா? இன்றும் இதைச் செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு "இப்பல்லாம் செய்யறதில்லம்மா" என்ற பதில் வந்தால், ஏன் என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல வரலாறு அந்த இடத்தில்தான் தொடங்கும்.

கேட்டு வந்த குறிப்புகளில் உள்ள வினைச்சொற்களையும் தொகுக்கலாம். இடித்தல், அரைத்தல், உரைத்தல், வறுத்தல், வடித்தல், பற்றுப் போடுதல், ஒத்தடம் கொடுத்தல் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்குவம் உண்டு. மிக்சி வந்தபின் இவற்றில் பல வழக்கொழிந்து வருகின்றன. மாணவர்களில் சிலருக்கு உரைப்பதற்கும் அரைப்பதற்கும் வேறுபாடு தெரியாது. அதை வாயால் சொல்லி விளக்குவதைவிட, ஒரு கல்லும் ஒரு துண்டு மஞ்சளும் வகுப்புக்குக் கொண்டுபோய் உரைத்துக் காட்டிவிடுங்கள்.