கை காதுக்கு எட்டவில்லை

பதிவு நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று எழுதுகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் வந்து கேட்டாள். "சார், பாப்பாவுக்கு இன்னும் நாலு வயசு முடியல. பேப்பர்ல தலைப்பெல்லாம் படிக்கிறா. ஸ்கூல்ல சேர்க்கும்போது இதைச் சொல்லலாமா? பெருமை பீத்துறேன்னு நினைப்பாங்களோன்னு கூச்சமா இருக்கு." சொல்லும்மா என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு தாய்மார்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் ஜெர்மனிக்காரர். இன்னொருவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கணக்கு மேதை கார்ல் பிரெடரிக் காஸைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். வகுப்பில் வாத்தியார் வரிசையாக எண்களைக் கூட்டச் சொல்ல, பையன் நொடியில் விடையை எழுதிப் பலகையை மேசை மேல் வைத்தானே, அவன்தான். ஒன்று முதல் நூறு வரை கூட்டி 5050 என்றான் என்று நானும் முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில், காஸின் நண்பர் வால்டர்ஷௌசன் 1856இல் எழுதிய வரலாற்றில் அந்த நூறும் இல்லை, 5050உம் இல்லை. ஏதோ ஒரு கூட்டுத்தொடர் என்றுதான் இருக்கிறது. மற்றது என்னைப் போன்ற வாத்தியார்கள் சேர்த்த உப்பு, புளி.

ஆனால் அந்தப் பையன் அந்த வகுப்பறை வரை எப்படி வந்து சேர்ந்தான் என்பதை நான் ஒருநாளும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

பிரவுன்ஷ்வைக் நகரில் 1777 ஏப்ரல் 30இல் பிறந்தவன். அப்பா தோட்ட வேலை, கொத்து வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். நேர்மையான மனிதர், வீட்டில் மட்டும் முரடர். மகனும் தன்னைப் போல ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டு பிழைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதில் தப்பு சொல்ல முடியாது. அன்றைக்கு வீட்டுக் கஞ்சி அப்படி. அம்மா டொரோத்தியா கல் உடைப்பவரின் மகள். கல்யாணத்துக்கு முன் வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். எழுதத் தெரியாது. மகன் பிறந்த தேதியைக்கூட எழுதி வைக்கவில்லை. ஏசு விண்ணேற்றத் திருநாளுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, அவ்வளவுதான் நினைவு. நம் பாட்டிமார்கள் "ஆடிப்பெருக்குக்கு மறுவாரம்" என்று சொல்வார்களே, அதே கணக்கு. பின்னாளில் அந்த நினைவிலிருந்து தன் பிறந்த தேதியைக் காஸே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். எந்த வருடத்து ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று கண்டுபிடிக்க ஒரு சூத்திரமே 1800இல் வெளியிட்டார்.

பள்ளிக்குப் போகும் முன்பே எழுத்துகளை அவனாகக் கற்றுக்கொண்டான். வீட்டுக்கு வந்தவர் போனவரையெல்லாம் "இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து" என்று நச்சரித்துத் தெரிந்துகொண்டான். மூன்று வயதில், அப்பா வேலையாட்களுக்கு வாரக்கூலி பிரித்துக்கொண்டிருந்தபோது "கணக்கு தப்பு" என்று குறுக்கே பேசினானாம். சரிபார்த்தால் பிள்ளை சொன்னதுதான் சரி. இது காஸ் தன் கிழவயதில் தானே சொன்ன கதை, கொஞ்சம் தள்ளுபடி போட்டுக் கேட்டாலும் நஷ்டமில்லை.

அந்த வீட்டில் பிள்ளையின் பக்கம் நின்றவர்கள் இருவர். ஒருவர் தாய்மாமன் பிரெடரிக். நெசவாளர், பூவேலைப்பாடு கொண்ட டமாஸ்க் துணி நெய்வதை யாரும் சொல்லித்தராமல் தானே கற்றவர். மருமகனிடம் பேச்சுக் கொடுத்து அவன் புத்தியைக் கிளறிவிட்டவர் அவர். காஸ் கடைசிவரை அவரை ஒரு மேதை என்றே நினைத்தார். இன்னொருவர் தாய். கணவர் "இவனுக்கு எதற்கு இதெல்லாம்" என்று நின்றபோது மகனுக்காக எதிர்த்து நின்றார். மகன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது அந்த அம்மாவுக்கு ஒரு துளியும் புரிந்திருக்காது. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

1784இல், ஏழு வயதில் பள்ளி. தாழ்ந்த கூரை, மேடுபள்ளமான தரை, சுமார் நூறு பிள்ளைகள், கையில் சவுக்கோடு பியூட்னர் என்ற வாத்தியார். அந்தச் சவுக்குக்காரரை நான் ரொம்ப நாள் வில்லனாகத்தான் சொல்லி வந்தேன். அது அநியாயம். பையனின் பலகையைப் பார்த்தபின் அவர் செய்தது இது: ஹாம்பர்க்கிலிருந்து இன்னும் உயர்ந்த கணக்குப் புத்தகம் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். தினமும் மாலையில் சணல் நூற்கவேண்டும் என்று அப்பா வைத்திருந்த கட்டாயத்தை, அவரிடம் பேசி விடுவித்தார். பிள்ளைகளுக்கு இறகுப்பேனா சீவிக்கொடுக்கும் உதவியாளனாக அங்கே பார்ட்டெல்ஸ் என்று ஓர் இளைஞன் இருந்தான், காஸைவிட எட்டு வயதுதான் மூத்தவன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். (இந்தப் பார்ட்டெல்ஸ் பிற்பாடு ரஷ்யாவில் கசான் பல்கலைக்கழகத்தில் லோபசெவ்ஸ்கிக்கு ஆசிரியரானார். பேனா சீவியவரை லேசாக நினைக்காதீர்கள்.)

மீதி வேகமாக நடந்தது. 1791இல் பிரவுன்ஷ்வைக் கோமகன் முன்னால் நிறுத்தினார்கள், உதவித்தொகை கிடைத்தது. 1795இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம். மகன் மாணவனாக இருந்தபோது வீட்டுக்கு வந்த நண்பர் போயாயிடம் அந்தத் தாய் தனியாகக் கேட்டாராம், என் பையன் ஏதாவது ஆவானா என்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய கணித அறிஞனாவான் என்று அவர் சொன்னதும் அழுதுவிட்டார். அத்தனை வருடம் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது. கடைசி 22 வருடங்கள் மகனுடன் கோட்டிங்கன் வானாய்வகத்தில்தான் இருந்தார். கண் பார்வை போன பிறகு மகனே பார்த்துக்கொண்டார். 1839இல் இறந்தார்.

இப்போது அந்த இன்னொரு தாய்.

நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியராக இருந்த காலம். ஊர் ஆற்றில் பாலம் கட்ட வந்த கூலிக் குடும்பங்கள் கரையில் கொட்டகை போட்டிருந்தன. ஜூன் மாதச் சேர்க்கையில் அவர்களில் ஒரு பெண், கையில் சிமெண்ட் காயாமல் ஒரு பையனைக் கூட்டிவந்தாள். பையன் வந்ததும் வராததுமாக என் மேசையில் இருந்த வருகைப் பதிவேட்டின் அட்டையைத் தலைகீழாகப் படித்தான். எனக்கு எதிரில் நின்றதால் அவனுக்கு எழுத்துகள் தலைகீழ். எங்கே படித்தாய் என்றேன். "பஸ்ஸு போர்டுல" என்றான்.

வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னேன். எட்டவில்லை. ஐந்து வயதுக்குச் சில மாதங்கள் குறைவு. "அடுத்த வருசம் கூட்டிட்டு வாம்மா" என்றேன்.

"சாமி, அடுத்த வருசம் நாங்க எங்க இருப்பமோ. மூலையில உக்கார மட்டும் விடுங்க சாமி, பேரு எழுத வேணாம்" என்றாள்.

விதி அது, நான் மீறவில்லை. மூலையில் உட்கார வைப்பதற்கு எந்த விதியும் தடையாக இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அறுபது பிள்ளைகள், வெயில், இன்னும் பத்து பேர் வரிசையில். அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள், பிறகு போய்விட்டாள். அடுத்த ஜூனில் பாலம் முடிந்திருந்தது. கொட்டகைகள் இல்லை. அந்தப் பாலத்தின் மேல்தான் ஓய்வு பெறும்வரை பள்ளிக்குப் போய்வந்தேன்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பள்ளிக்குப் போகிறேன். பாப்பாவை மேல் வகுப்பில் போடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. மற்ற பிள்ளைகள் அ, ஆ எழுதும் நேரத்தில் அவளுக்குப் படிக்க ஒரு கதைப் புத்தகம் கொடுங்கள் என்றுதான் கேட்கப் போகிறேன். நாலைந்து புத்தகங்களை வீட்டிலிருந்தே எடுத்து வைத்துவிட்டேன்.