நத்தையை விட்டது அப்பா, மிச்சத்தைக் கண்டுபிடிச்சது மகன்

ஆறு மாசம் முன்னாடி எங்க வீட்டுல அஞ்சு உயிர் போச்சுங்க. கொலைகாரன் அடியேன்தான். ஆயுதம்: ஒரு பிரஷ், ரெண்டு பக்கெட் குழாய்த் தண்ணி.

எங்க ஹாலில் ரெண்டடி மீன் தொட்டி ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா பிரச்சினை இல்லாம ஓடிட்டிருந்தது. கண்ணாடி பூரா பாசி படிஞ்சதும் தங்கமணி கேட்டாங்க: "உள்ள இருக்கிறது மீனா, கீரைக் கடைசலா?" ரோஷம் வந்து கடைக்குப் போய், பாசி தின்கிற நெரைட் நத்தை அஞ்சு வாங்கிட்டு வந்தேன். வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட அழகான நத்தை.

புது விருந்தாளி வர்றாங்களேன்னு தொட்டியைக் கவுத்து, கூழாங்கல்லை எல்லாம் தேய்ச்சு அலசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிஞ்சு பளபளன்னு ஆக்கினேன். தொட்டியில் ஊத்தின தண்ணிக்குக் குளோரின் எடுக்கிற மருந்து விட்டேன். பஞ்சு அலசின தண்ணிக்கு யாருங்க மருந்து விடுவா?

மூணாம் நாள் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துது. நத்தைங்க மூடியை இறுக்கிச் சாத்திக்கிட்டு அசையாம கிடந்துது. அஞ்சாம் நாள் வந்த நாத்தம் விஷயத்தைச் சொல்லிடுச்சு. தண்ணியை மாத்தி மாத்தி மீன்களை எப்படியோ காப்பாத்திட்டேன். நத்தைகளைக் காப்பாத்த முடியல.

பூந்தொட்டியில் புதைக்கும்போது பையன் கேட்டான்: "மீனோட அழுக்கை நத்தை தின்னும்னியே. நத்தையோட அழுக்கை யாருப்பா தின்னுவா?"

பதில் தெரியல. தேடிப் போனா, கதை 1849-ம் வருஷ லண்டனுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு.

அப்பவும் வீட்டுல தங்கமீன் வளர்த்தாங்க. கண்ணாடிக் கிண்ணத்துல விட்டுட்டு அடிக்கடி தண்ணியை மாத்துவாங்க, இல்லேன்னா மீன் செத்துடும். செடிகள் காத்தை நல்லதாக்கும்னு 1770-களிலேயே ஜோசப் பிரீஸ்ட்லி காட்டியிருந்தார். அதுக்கு வெளிச்சம் வேணும்னு 1779-ல் இங்கன்ஹவுஸ் சொன்னார். அப்படின்னா தொட்டிக்குள்ளயே செடி வெச்சா தண்ணியை மாத்தாமலே மீன் பிழைக்குமா? இதைச் செஞ்சு பார்த்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டன் மருந்தாளர் சங்கத்தில் வேதியியலாளர் வேலை.

பன்னிரண்டு காலன், அதாவது சுமார் 54 லிட்டர் கண்ணாடிப் பாத்திரத்துல மணல், சேறு, கல் போட்டு, பாதிக்குத் தண்ணி நிரப்பினார். நாடா மாதிரி நீளமா வளருமே வாலிஸ்நேரியா, அதை நட்டு ரெண்டு சின்னத் தங்கமீனை விட்டார். கொஞ்ச நாள் எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பழைய இலை அழுகித் தண்ணி கலங்கிடுச்சு. கண்ணாடியில் பச்சைப் பாசி. அட, எங்க வீட்டு ஹால் அப்படியே!

குளங்களில் இலை அழுகத்தான் செய்யுது, ஆனா குளம் தாக்குப் பிடிக்குதே, அங்க என்ன இருக்குன்னு யோசிச்சார். அங்க நத்தை இருக்கு. லிம்னேயா ஸ்டாக்னாலிஸ்ங்கற குளத்து நத்தையில் அஞ்சாறு கொண்டுவந்து விட்டார். அழுகல், பாசி ரெண்டையும் அதுங்க தின்னுச்சு. தண்ணி தெளிஞ்சுது. நத்தை இட்ட முட்டையும் குஞ்சும் மீனுக்குத் தீனி ஆச்சு.

இதை வேதியியல் சங்கத்தின் இதழில் 1850-ல் கட்டுரையா எழுதினார். 1853-ல் லண்டன் உயிரியல் பூங்காவில் மீன் காட்சியகம் திறந்தாங்க. 1854-ல் பிலிப் கோஸ் எழுதின புத்தகம் 'அக்வேரியம்'ங்கற வார்த்தையை ஊரெல்லாம் பரப்புச்சு. ஆக நத்தை தொட்டிக்கு அழகுக்காக வந்த சாமான் இல்லைங்க. அது வந்த பிறகுதான் வாரிங்டனோட தொட்டியே நின்னுச்சு.

மீன், செடி, நத்தை. கணக்கு முடிஞ்சுதா? இல்லை. நத்தையும் மூச்சு விடுது, கழிவு போடுது. அதுல இருந்தும் அம்மோனியா வருது. அது மீனுக்கும் விஷம், நத்தைக்கும் விஷம். பையன் கேட்ட கேள்வி அங்கேயே நிக்குது.

இங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. வாரிங்டனுக்கு ஒரு மகன். 1838-ல் பிறந்தவர், பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா நத்தையை விட்டப்ப பையனுக்குப் பத்துப் பதினோரு வயசு. வளர்ந்து அவரும் வேதியியலாளர் ஆகி, ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்துல சேர்ந்தார். அவர் பார்த்தது மீன் தொட்டியை இல்லை, வயல் மண்ணை.

மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டா மாறுறது உயிருள்ள ஏதோ ஒண்ணோட வேலைன்னு 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ்னு ரெண்டு பேர் காட்டினாங்க. சாக்கடைத் தண்ணியை மணல் வழியா வடிய விட்டாங்க, அம்மோனியா நைட்ரேட்டா மாறுச்சு. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினாங்க, மாற்றம் நின்னுடுச்சு. மகன் வாரிங்டன் இதைச் சரிபார்த்து, வருஷக்கணக்கா தொடர்ந்தார். இது ரெண்டு படியில் நடக்குது, ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நுண்ணுயிர்ன்னு காட்டினார். முதல் படியில் அம்மோனியா நைட்ரைட் ஆகுது, அடுத்ததுல நைட்ரைட் நைட்ரேட் ஆகுது. அந்த நுண்ணுயிரைத் தனியாப் பிரிச்செடுக்க மட்டும் அவரால முடியல. 1890-ல் வினோகிராட்ஸ்கி அதைச் செஞ்சார்.

மூணாவது ஆளை அப்பா கண்டுபிடிச்சார். நாலாவது ஆளோட வேலையை மகன் விளக்கினார். நான்? அந்த நாலாவது ஆளைக் கல்லிலிருந்தும் பஞ்சிலிருந்தும் தேய்ச்சுக் கழுவிச் சாக்கடையில் விட்டேன். அதையும் சுத்தம்ங்கற பேர்ல.

அதுக்கப்புறம் தொட்டியை அவசரப்படாம ஓட விட்டேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்னு சோதனைக் குழாய் விடாம காட்டி, கண்ணாடியில் லேசாப் பாசியும் படிஞ்ச பிறகு நெரைட் மூணு வாங்கினேன். ஏன்னா பளபளக்குற தொட்டியில் அதுக்குச் சாப்பாடே கிடையாது. கடைத் தண்ணியோட பையிலேயே வெச்சு, நம்ம தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்துப் பழக்கித்தான் விட்டேன்.

பாசி தீர்ந்துட்டா வேகவெச்ச வெள்ளரித் துண்டு போடறோம், மிச்சத்தை மறுநாள் எடுத்துடறோம். தண்ணி அமிலமா இருந்தா ஓடு அரிச்சுப் போகும், அதனால கால்சியம் இருக்கிற தண்ணிதான் நல்லது. மீனுக்கு நோய்னு செம்பு கலந்த மருந்தை ஊத்தினா நத்தை காலி. மல்லாந்து கிடந்தா நிமிர்த்தி விடணும். கண்ணாடியில் எள்ளு மாதிரி வெள்ளையா முட்டை ஒட்டும், நல்ல தண்ணியில் அது குட்டியாகி வளராது. ஃபில்டர் பஞ்சை இப்பல்லாம் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணியிலேயே அலசறேன், அதுவும் லேசா.

பையனைக் கூப்பிட்டு அந்த அழுக்குப் பஞ்சைக் காட்டினேன். "நத்தையோட அழுக்கை யார் தின்னுவான்னு கேட்டியே, இதுக்குள்ள இருக்காங்க."

உத்துப் பார்த்துட்டு, "ஒண்ணும் தெரியலையேப்பா"ன்னான்.

எனக்கும் தெரியலைடா. அதனாலதான் கழுவிட்டேன்.