பெருந்தமனியை வென்ற ஊசியும் நூலும்

மனித உடலில் ஓடும் குருதிக்குப் பேராறு ஒன்று உண்டெனில் அது பெருந்தமனியே ஆகும். இதயத்திலிருந்து எழுந்து, மார்பின் ஊடே வளைந்து இறங்கி, உதரவிதானத்தைக் கடந்து அது வயிற்றினுள் புகுகிறது. முதுகெலும்பின் முன்புறமாகச் சென்று, ஈரல், இரைப்பை, குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குக் கிளைகளை ஈந்தபின், தொப்புளை ஒட்டிய மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிப் பாய்கிறது. வயிற்றுப் பகுதியில் இதன் விட்டம் ஏறத்தாழ 2 செண்டிமீட்டரே. முதுமை, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம் முதலியவற்றால் அதன் சுவர் நலிவுறுமானால், அவ்விடம் பலூன்போல் புடைக்கத் தொடங்கும். விட்டம் 3 செண்டிமீட்டரை எட்டினால் அதனைத் தமனிப் புடைப்பு என்பர். பெரும்பாலும் வலியின்றி வளரும் இப்புடைப்பு வெடிக்குமாயின், உயிர் பிழைப்போர் சிலரே.

இந்நோயை மருத்துவ உலகம் எதிர்த்து நின்ற வரலாறு நெடியது. அதனை முடிச்சின் காலம், ஊசியின் காலம், துணியின் காலம் என மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

தமனிப் புடைப்புக்கு அறுவை முறையொன்றை வகுத்த முன்னோடி, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்க மருத்துவர் ஆன்டிலசு என்பார். புடைப்பின் மேலும் கீழும் தமனியை நூலால் கட்டி, பின்னர் அதனைத் திறந்து உள்ளே உறைந்த குருதியை அகற்றுவதே அவர் கண்ட வழி. கை கால்களில் உள்ள தமனிகளுக்கு இம்முறை ஏற்றதாயிற்று. வயிற்றுப் பெருந்தமனியையோ எவரும் தீண்டத் துணிந்திலர். உடலின் கீழ்ப்பாதி முழுமைக்கும் உணவூட்டும் குழாயைக் கட்டிவிட்டால் கால்கள் அழுகிவிடுமே என்னும் அச்சமே அதற்குக் காரணமாகும்.

அத்துணிவு 1817ஆம் ஆண்டில்தான் பிறந்தது. இலண்டன் மாநகரில் சுமை தூக்கிப் பிழைத்துவந்த 38 வயதுத் தொழிலாளி ஒருவர், இடுப்புப் பகுதித் தமனி புடைத்துக் குருதி கசியும் நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். ஆஸ்ட்லி கூப்பர் என்னும் அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து, பெருந்தமனியையே நூலால் கட்டினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தொழிலாளி ஏறத்தாழ 40 மணி நேரமே உயிர் வாழ்ந்தார். அவருக்குப் பின் முயன்றோரும் நிலைத்த வெற்றி கண்டிலர். 106 ஆண்டுகள் கழித்து, 1923இல், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ருடால்ப் மாடாஸ் என்பார் 28 வயதுப் பெண் ஒருவரின் பெருந்தமனியைக் கட்டினார். அப்பெண் ஓராண்டுக்கும் மேலாக வாழ்ந்து, காசநோயால் இறந்தார். முடிச்சு தன் எல்லையைத் தொட்டது அன்றுதான் எனலாம்.

ஆயினும் கட்டுதல் என்பது ஆற்றை அடைப்பதற்கு ஒப்பானது. கரையைச் செப்பனிடுவது ஆகாது. செப்பனிடத் தையற்கலை வேண்டியிருந்தது. 1894இல் பிரெஞ்சு நாட்டின் அதிபர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். அறுந்த குருதிக்குழாயைத் தைக்க வழியறியாத மருத்துவர்களின் கண்முன்னே அவர் உயிர் பிரிந்தது. அந்நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரல் என்னும் இளைஞரின் உள்ளத்தை இந்நிகழ்ச்சி உறுத்திற்று. அவர் பூத்தையல் வல்ல பெண்மணி ஒருவரிடம் சென்று நுண்ணிய ஊசியையும் மெல்லிய பட்டு நூலையும் கையாளக் கற்றார். வட்டமான குழாயின் விளிம்பை மூன்று தையல்களால் இழுத்து முக்கோணமாக்கித் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மருத்துவப் பேராசான்கள் கற்பிக்காத ஒன்றைப் பூத்தையற்காரியிடம் கற்கத் தயங்காத அவர்தம் பணிவு எண்ணத்தக்கது.

தைக்கும் கலை வந்துவிட்டது. எதனை வைத்துத் தைப்பது என்பதே அடுத்த வினா. அவ்வினாவுக்கு விடை தெளிவாகாத நாளில் நோயுற்றவர் அறிவியல் மேதை ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1948 டிசம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளினில் ருடால்ப் நிசன் அவர் வயிற்றைத் திறந்து, புடைத்த பெருந்தமனியைக் கண்டார். அதனை வெட்டி மாற்ற வழியில்லை. பொட்டலம் சுற்றும் செல்லோபேன் தாளைப் புடைப்பின்மேல் சுற்றினார். அத்தாள் சுற்றிலும் தழும்புத் திசுவை வளர்த்துச் சுவருக்கு வலுவூட்டும் என்பது கருத்து. அச்சுற்று ஐன்ஸ்டைனுக்கு ஆறாண்டுகளுக்கு மேல் ஆயுள் ஈந்தது.

அவ்வாறாண்டுகளில் மருத்துவம் விரைந்து முன்னேறியது. 1951 மார்ச்சில் பாரிசு நகரின் சார்லஸ் டுபோஸ்ட், புடைத்த பகுதியை வெட்டியெடுத்து, இறந்த ஒருவரின் தமனியை அவ்விடத்தில் பொருத்தி வெற்றி கண்டார். ஆனால் இறந்தோரின் தமனி வேண்டும்போதெல்லாம் கிடைப்பதன்று. நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்தினுள் கிடந்த பட்டு நூலொன்றின்மேல் வழவழப்பான படலம் படர்ந்திருக்கக் கண்டார். நூலின்மேல் படலம் படருமாயின் துணியின்மேலும் படரும் அன்றோ? அவரும் துணைவரும் செயற்கை இழைத் துணியைக் குழாயாக்கிப் பொருத்தி, அதன் பயனை 1952இல் வெளியிட்டனர். ஹூஸ்டன் நகரின் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டாக்ரான் துணியைத் தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே தைத்தார். சிறுவயதில் தாயிடம் கற்ற தையல் அவருக்குக் கைகொடுத்தது.

1955 ஏப்ரலில் ஐன்ஸ்டைனின் தமனி கசியத் தொடங்கியது. புதிய அறுவை முறை அப்போது கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. மருத்துவர்கள் வேண்டியும் அவர் இசைந்திலர். உயிரைச் செயற்கையாக நீட்டிப்பதை அவர் விரும்பவில்லை. ஏப்ரல் 18ஆம் நாள், 76ஆம் வயதில் மறைந்தார்.

1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில் குவான் பரோடி, வயிற்றைத் திறவாமலே, தொடை இடுக்கின் தமனி வழியாக மடித்த துணிக்குழாயைச் செலுத்தி, உள்ளேயே விரியச் செய்தார். புடைப்பை வெடிக்குமுன் கண்டறிய ஒலியலைச் சோதனையும் வந்தது. இங்கிலாந்தில் 67,000க்கும் மேற்பட்ட முதிய ஆடவரிடையே நிகழ்ந்து 2002இல் வெளியான ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே நான்காண்டுகளில் இந்நோயால் நேரும் இறப்பு 42 விழுக்காடு குறைந்தமை தெரியவந்தது.

மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்ல வந்த வள்ளுவர், நோயுற்றவனை முதலிலும், மருத்துவனை அடுத்தும் வைத்தார். அவ்வரிசையின் உண்மை இவ்வரலாற்றில் விளங்குகிறது. கூப்பர், மாடாஸ், டுபோஸ்ட் ஆகியோரின் பெயர்கள் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டன. மயக்க மருந்தின்றிக் கத்தியின்கீழ்க் கிடந்த அச்சுமை தூக்கும் தொழிலாளியை நினைப்போர் சிலரே. அவர் தாங்கிய வலியிலிருந்தே பின்னோர் கற்றனர். இன்று தொடையில் சிறு துளையிட்டுச் சில நாள்களில் இல்லம் திரும்புவோர் அனைவரும் அவருக்கும் கடன்பட்டோரே ஆவர்.