வேட்டைத் துவக்கின் குழல் மாற்றமும் எடைக் குறைப்பும்

வேட்டைத் துவக்கின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தன்னிடத்தே கொண்ட குழலைக் கழற்றி, அதனினும் மெலிந்ததோ குறுகியதோ வேறு பொருளாற் செய்யப்பட்டதோ ஆகிய மற்றொரு குழலை அவ்விடத்திற் பொருத்தி, அதனாற் கருவியை நெடுந்தூரம் சுமப்பதற்கு இலகுவாக்கும் தொழில், துவக்குக் கம்மியரின் வேலைகளுள் மிகுந்த கவனத்தை வேண்டுவதாகும். மரக்கட்டையைச் செதுக்குவதும் உலோகத் தகடுகளை மாற்றுவதும் கருவியின் தோற்றத்தையும் பாரத்தையும் மட்டுமே தொடுவன. குழலை மாற்றுவதோ, குறி, வேகம், உதைப்பு, பாதுகாப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே தொடுவது.

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடரும் ஊர்களின் முஸ்லிம் கமக்காரருக்கு, வீடு கடலோரத்திலும் வயல் மேற்கே சம்மாந்துறை, இறக்காமம் முதலிய பக்கங்களிலுமாக அமைந்திருப்பதனால், துவக்கு என்பது வேட்டை விநோதத்திற்குரிய பொருளாக அன்றி, விளைந்த நெல்லைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கும் காவற் கருவியாகவே பெரிதும் அறிமுகமானது. 1949 இல் தோன்றிய கல்லோயா அபிவிருத்திச் சபை இங்கினியாகலையில் அணை கட்டி, காடு நின்ற பெருநிலத்தை நீர்பாயும் வயலாக்கிய பின்னர், வயலின் எல்லையும் காட்டின் எல்லையும் முன்னிலும் நெருங்கி வந்தன. வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் இரவிற் பலமுறை நடந்து, வாடியிலோ பரணிலோ விழித்திருக்கும் காவற்காரன், தோளிற் கிடக்கும் ஏழெட்டு இறாத்தற் பாரத்தை விடியுமுன் வெறுக்கத் தொடங்குதல் இயல்பே. ஆதலின், எடைக் குறைப்பு என்பது இப்பிரதேசத்தில் செல்வந்தரின் ஆடம்பர விருப்பமன்று.

இலங்கையின் வேட்டைச் சரித்திரத்தில் பாரமான துவக்கிற்குச் சிறந்த உதாரணம் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் வைத்திருந்த பெருந்துவக்காகும். நுவரெலியாவிற் குடியேறி வாழ்ந்தவரும், 1854 இலும் 1855 இலும் இலங்கை வாழ்வைப் பற்றி இரு நூல்களை வெளியிட்டவருமாகிய இவருக்காக, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் 1840 இற் செய்தளித்த அத்துவக்கின் நிறை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழலின் நீளம் 36 அங்குலம். குண்டு 3 அவுன்ஸ். இத்துணைப் பாரம் அறியாமையால் வந்ததன்று. அக்காலக் கருமருந்து வெடித்துத் தரும் வேகம் சொற்பமாகையால், யானை போன்ற பெருவிலங்கை வீழ்த்தும் வன்மையைக் குண்டின் பருமனிலிருந்தே பெறவேண்டியிருந்தது. பருத்த குண்டிற்கு அகன்ற துளையும், அகன்ற துளைக்குத் தடித்த சுவரும், அவ்வளவு மருந்தின் உதைப்பைச் சுடுபவனின் தோள் தாங்குதற்குப் பெரும் பாரமும் வேண்டியவாயின. இத்தகைய துவக்குகளைப் பரிவாரம் சுமந்துவர, துரை வெறுங்கையுடன் நடப்பதே அன்றைய சம்பிரதாயம்.

1886 இற் பிரெஞ்சுக்காரர் புகையற்ற வெடிமருந்தைப் படைத்துறையிற் புகுத்தியபோது இந்நிலை மாறிற்று. சிறிய குண்டினைப் பெருவேகத்துடன் செலுத்தும் ஆற்றல் கைகூடவே துளை ஒடுங்கியது; குழலும் மெலியலாயிற்று. ஆஸ்திரியாவிற் செய்யப்பட்ட 1903 ஆம் ஆண்டு மன்லிகர்-ஷோனவர் என்னும் துவக்கு, ஆறரை மில்லிமீற்றர்த் துளையும் 45 சென்றிமீற்றர்க் குழலும் உடையதாய், ஏறக்குறைய 3 கிலோ நிறையுடன், மலையேறும் வேட்டைக்காரரின் பெருமதிப்பைப் பெற்றது. பேக்கரின் துவக்கினின்று இதுவரை அறுபத்து மூன்று ஆண்டுகளே கடந்திருக்க, நிறையோ மூன்றிலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

இனி, குழல் மெலிதலின் கணிதத்தைச் சற்றே விரிவாக நோக்குதல் தகும். ஏனெனில் இத்தொழிலைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் இக்கணிதத்தைப் பாராமையிலிருந்தே பிறக்கின்றன. உருக்கு ஒரு கன சென்றிமீற்றருக்கு 7.85 கிராம் நிறையுடையது. 60 சென்றிமீற்றர் நீளமும், சராசரி 20 மில்லிமீற்றர் வெளிவிட்டமும், 7.8 மில்லிமீற்றர்த் துளையும் உடைய குழல் ஏறத்தாழ 1,250 கிராம் நிற்கும். நீளத்தை மாற்றாது வெளிவிட்டத்தை 17 மில்லிமீற்றராகக் குறைத்தால் நிறை 840 கிராம் அளவிற்கு இறங்கும். ஆகவே மூன்று மில்லிமீற்றர் மெலிதலால் நானூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஆதாயம் கிடைக்கிறது. இதற்கு மாறாக, தடித்த குழலிலேயே 10 சென்றிமீற்றரைக் குறைத்தால் கிடைப்பது சுமார் இருநூறு கிராமே. குழல்கள் வாய்ப்புறம் நோக்கிக் கூம்பிச் செல்பவை என்பதனால், மெலிந்த அந்நுனியைக் குறைப்பதன் உண்மைப் பயன் இதனினும் சிறியது. பாரம் குடியிருப்பது பருமனிலேயன்றி நீளத்திலன்று.

ஆயினும் பருமனைக் குறைப்பதற்கு விலை உண்டு. ஒரு தண்டின் வளையா உறுதி அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுவதால், மேற்கூறிய உதாரணத்தில் நிறை மூன்றிலொன்றே குறைய, உறுதியோ ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. குண்டு துளையினுள் ஓடும் மிகச் சொற்ப நேரத்திற் குழல் தூண்டிற்கோல் போல அதிர்வது இயற்கை. மெலிந்த குழல் மிகுதியாக அதிரும். அவ்வதிர்வு ஒவ்வொரு வெடிக்கும் ஒரே தன்மையாய் இருப்பின் குறி கெடாது. மரக்கட்டை குழலின் ஒரு பக்கத்தை நெருக்கினாலோ, மாரிகாலத்து ஈரத்தால் மரம் ஊதி அழுத்தினாலோ, அதிர்வின் தன்மை மாறிக் குண்டு விழும் இடமும் மாறும். வடகீழ்ப் பருவமழையிற் பல நாள் நனைந்து ஊறும் கிழக்குக் கரையில் இது புறக்கணிக்கத்தக்க சங்கதியன்று. குழலுக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய வெளிவிட்டுப் பொருத்தும் முறை இக்குறைக்கு நல்ல பரிகாரம்.

வெப்பமும் அவ்வாறே. சொற்ப உருக்குடைய குழல் விரைவிற் சூடேறும்; சூடேறிய குழல் நேர்மையினின்று விலகக்கூடும். இலக்குச் சுடும் போட்டியில் இது பெருங்குற்றம். வேட்டையிலும் காவலிலும் ஒன்றிரண்டு வெடிகளே தீர்க்கப்படுவதனால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உதைப்பைப் பொறுத்தவரை விதி மிக எளியது: ஒரே தோட்டாவை நான்கு கிலோத் துவக்கிலும் மூன்றேகாற் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த துவக்கிலும் சுட்டால், பின்னதில் தோளை வந்து தாக்கும் உதைப்பின் சக்தி நாலிலொரு பங்கு மிகுதியாகும். அதற்கஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுக்கும் பழக்கம் சுடுபவனுக்கு வருமாயின், குழலின் நேர்த்தியெல்லாம் பிரயோஜனமற்றுப் போம். முன்கனம் குறைந்த துவக்கு கையில் விரைந்தெழும் என்பதும், எழுந்த இடத்தில் நிலைத்து நில்லாது ஆடும் என்பதும் ஒருங்கே மெய்.

இவ்விலையைச் செலுத்தாமல் எடையைக் குறைக்கலாமென்ற நினைப்பிற்குப் பாடம் புகட்டிய கருவி, இரண்டாம் உலகப்போரின் இறுதியில் எழுந்த பிரித்தானியரின் ஐந்தாம் இலக்க லீ-என்பீல்ட் துவக்கு. தென்கிழக்காசியக் காடுகளுக்கு ஏற்றதெனப் பின்னர்ப் பெயர்பெற்ற இது, 1944 முதல் 1947 வரை செய்யப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது இறாத்தல் நிறையுடைய நான்காம் இலக்கத்தின் 25 அங்குலக் குழல் இதில் 19 அங்குலத்திற்கும் குறைவாக்கப்பட்டு, குழலின் அடிப்பாகத்திலும் உருக்கு குடைந்தெடுக்கப்பட்டு, நிறை ஏழு இறாத்தலளவிற்கு இறங்கிற்று. சுமப்பதற்கு அது இனிய கருவிதான். ஆனால் வெடியின் சுவாலையும் ஓசையும் பெருகின. அடிக்கட்டையின் அகலத்தினும் குறுகிய இறப்பர் மெத்தை உதைப்பைத் தணிப்பதற்குப் பதிலாகத் தோளின் ஒரு புள்ளியிற் குவித்தது. யாவற்றினும் மேலாக, ஒருநாட் சரிசெய்த குறி மறுநாள் விலகிநிற்கும் குற்றம் அதன்மேற் சுமத்தப்பட்டது. குறிநிலை அலைவதைத் தீர்க்கவியலாதென்று கூறி அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

குழலை மாற்றுவதாற் கருவியின் தன்மையே மாறுவதற்கு அயல்நாடாகிய இந்தியாவில் நல்ல சான்றுண்டு. கல்கத்தாவை அடுத்த இஷாப்பூர்த் துப்பாக்கித் தொழிற்சாலையிற் குடிமக்களுக்கெனச் செய்யப்பட்ட .315 வேட்டைத் துவக்கு, படைத்துறை லீ-என்பீல்டின் பூட்டமைப்பையே ஆதாரமாகக் கொண்டு, படையின் .303 தோட்டா புகாதவாறு எட்டு மில்லிமீற்றர்த் துளையுடைய வேறு குழல் பூட்டப்பட்டது. இங்கே மாற்றத்தின் நோக்கம் எடையன்று, அரசாங்கத்தின் எச்சரிக்கை. எனினும் பூட்டமைப்பு ஒன்றாகவும் குழல் வேறாகவும் இருக்கலாமென்ற உண்மையை அது தெளிவுற விளக்குகிறது.

அமெரிக்காவில் வின்செஸ்டர் கம்பனி தனது எழுபதாம் மாதிரியின் இலகு வகையை 1952 இல் வெளியிட்டபோது, குழலை 24 அங்குலத்தினின்று 22 அங்குலமாக்கி மெலிவித்ததோடு, சில உருக்கு உறுப்புகளை அலுமினியமாக்கியது. மெல்லிய உருக்குக் குழலின்மேற் காபன் நாரைப் பசையுடன் சுற்றி, பருமனையும் உறுதியையும் இழவாது பாரத்தை இறக்கும் முறை 1990களில் வழக்கிற்கு வந்தது. விலையோ சாமானியர் கைக்கெட்டாதது. இவற்றினும் என் அபிப்பிராயத்திற் கூர்மையான வழியைக் கண்டவர் மெல்வின் போர்ப்ஸ் என்பவர். 1980களில் அவர் செய்த துவக்குகள் சுமார் ஐந்து இறாத்தலே நின்றன; குழலை அளவுக்கு மீறி மெலிவிக்காமல், செயற்கை நாரால் ஆக்கிய ஓர் இறாத்தற் கட்டையினாலேயே பெரிதும் அவர் அதைச் சாதித்தார். ஆகவே குழலின்மேற் கைவைக்குமுன் துவக்கைப் பகுதி பகுதியாக நிறுத்துப் பார்ப்பது விவேகம்.

கரையூர்களின் கமக்காரர் கையில் உள்ளது பெரும்பாலும் பன்னிரண்டாம் இலக்கச் சொட்கன்னே. அதன் துளை ஏறத்தாழப் பதினெட்டரை மில்லிமீற்றர். அதில் எழும் அமுக்கம் றைபிளினதிலும் மிகக் குறைவாதலாற் குழற்சுவர் ஏற்கெனவே மெல்லியது. சுமைக்கும் உதைப்பிற்கும் இடையே நடுநிலை காண, நிரப்பும் ஈயச்சன்னத்தின் நிறையைப்போலத் தொண்ணூற்றாறு மடங்கு துவக்கின் நிறை இருத்தல் வேண்டுமென்ற பிரமாணம் ஒன்று ஆங்கிலக் கம்மியரிடையே வழங்கிற்று. அவர்களுள் ஒருவராகிய கிறீனர் அதனைப் பரப்பினார். 32 கிராம் சன்னத்திற்கு இவ்விதிப்படி மூன்று கிலோ ஆகிறது. இரட்டைக்குழற் சொட்கன்னின் தேய்ந்த குழல்களை அடிப்பகுதி மட்டும் நிற்க நீக்கி, புதுக் குழாய்களைச் செருகிப் பொருத்தும் முறையும் பிரித்தானியாவில் உண்டு; அவ்வாறு செய்யப்பட்டதென்பதை முத்திரையாற் குழலிலேயே காட்டவேண்டுமென்பது அந்நாட்டு விதி. உவர்க்காற்று வீசும் கல்முனை போன்ற ஊர்களில் துடைத்து எண்ணெயிடாத குழலின் உட்புறம் துருவேறிக் குழிபடும். அரை மில்லிமீற்றருக்கும் கீழ்மெலிந்த சுவர் ஆபத்தின் எல்லையெனக் கொள்ளப்படுவதால், துருவைப் போக்கவென்று மீண்டும் மீண்டும் தேய்ப்பதும் ஒருவகை எடைக் குறைப்பே. அது கொல்லும் எடைக் குறைப்பு.

மாற்றுக் குழலைப் பூட்டுதல் மரையாணி திருகுவதுபோலத் தோன்றினும், அதன் உயிர்நிலை தோட்டாவின் அடிக்கும் பூட்டின் முகத்திற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. மயிரிழை மிகுந்தால் தோட்டாக்கூடு கிழிந்து நெருப்புவாயு சுடுபவனின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். குறைந்தால் பூட்டு மூடாது. உரிய அளவுகோல்களால் இதைச் சோதித்த பின்னரும், வழக்கத்தினும் மிகுந்த அமுக்கமுடைய சோதனைத் தோட்டாவைச் சுட்டு, பழுதில்லை எனக் கண்டு முத்திரையிட்டாலன்றிக் குழல் முழுமைபெறாது. 1637 இற் சாசனம் பெற்ற லண்டன் துவக்குச் செய்வோர் சங்கமும், 1813 இற் சட்டத்தால் நிறுவப்பட்ட பேர்மிங்காம் சோதனைச் சாலையும் இப்பணிக்கென்றே இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், எவ்வுயிரைச் சுடலாகாதென்பதை வரையறுக்கிறது. யானை வயலிற் புகுந்து நெல்லையெல்லாம் மிதித்தாலும் அதைச் சுடுவது குற்றம். வெடி கொளுத்தி விரட்டுவதும் வேலி அமைப்பதுமே வழி.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, றைபிளின் குழலை மாற்றி இலகுவாக்குதல், சோதனைச் சாலையின் முத்திரையும் தேர்ந்த கம்மியனும் வாய்த்த இடத்தில் நியாயமானதொரு தொழிலே என்பதும், அவையில்லாத இடத்தில் அது தற்கொலைக்கு ஒப்பானதென்பதும் தெளிவு. நீர்க்குழாயை அறுத்துக் குழலாக்கிச் செய்யப்படும் கட்டுத்துவக்கு காட்டுவழி போவோரின் காலைச் சிதைப்பதும், கள்ளமாகச் செய்த குழல் வெடித்துச் சுட்டவனின் கையைப் பறிப்பதும் நாட்டுப்புறத்தில் அறியப்படாதனவல்ல. வயற்காவலுக்கு இலகுவான துவக்கு வேண்டும் கமக்காரர், இருக்கும் குழலை அறுக்கவோ அராவவோ ஒருபோதும் முற்படாமல், அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரியின் சம்மதத்தை எழுத்திற் பெற்று, முத்திரையுள்ள ஒற்றைக்குழற் சொட்கன் ஒன்றையே தேடிக்கொள்வாராக.