கரும்பு இனவிருத்தி ஆராய்ச்சி

கரும்பு இனவிருத்தி ஆராய்ச்சி என்பது, பயிரிடப்படும் கரும்பை அதன் காட்டு உறவினங்களோடும் பிற கரும்பு வகைகளோடும் கலந்து, விளைச்சல், சர்க்கரைச் சத்து, நோய் தாங்கும் திறன் ஆகியவற்றில் மேம்பட்ட இரகங்களை உருவாக்கும் துறையாகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோசிலும் தோன்றிய இத்துறை, 1912-இல் கோயம்புத்தூரில் நிலையம் அமைந்தபின் புதிய திசையில் திரும்பியது. தாவரவியல், உயிரணுவியல், பயிர் நோயியல், அண்மைக் காலத்தில் மரபணுத் தொகுதியியல் என்று உயிர் அறிவியலின் பல கிளைகளும் இந்த ஒரு பயிரைச் சுற்றிக் கூடியிருப்பதால், இதன் வரலாறு கரும்பின் வரலாறாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

தாவர அடிப்படை

கரும்பு, புல் குடும்பத்தில் சக்காரம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. தடித்த தண்டும் மிகுந்த சாறும் உடைய பருங்கரும்பு (சக்காரம் அஃபிசினாரம்) நியூகினித் தீவில் முதன்முதலில் பயிராக்கப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. அதன் மூல வகைகளைத் தேடி, 1928-இல் அமெரிக்க வேளாண் துறையின் இ. டபிள்யூ. பிராண்டெஸ் தலைமையிலான குழு நீர்விமானத்தில் அத்தீவின் உட்பகுதிக்குச் சென்று திரும்பியது. வட இந்தியாவின் மெல்லிய கரும்புகள் தனி இனமாக எண்ணப்பட்டு, கோயம்புத்தூர் நிலையத்தின் முதல் தலைவரான பார்பர் பெயரால் சக்காரம் பார்பெரி என்று வழங்கப்பட்டன. எனினும் அவை பருங்கரும்பும் நாணலும் இயற்கையில் கலந்து பிறந்தவையே என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானாக முளைக்கும் நாணல் (சக்காரம் ஸ்பான்டேனியம்) சர்க்கரை ஏறாத களை. உழவர் வெட்டி எறிவது. ஆயினும் இக்கட்டுரையில் பேசப்படும் ஏறத்தாழ எல்லா வெற்றிகளிலும் அதற்குப் பங்கு உண்டு.

தமிழகத்தில் கரும்பின் வருகையைப் பற்றிய பழைய குறிப்பு, அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் அதை இங்கே கொண்டுவந்ததாகக் கூறும் ஔவையாரின் புறநானூற்றுப் பாடலில் உள்ளது. எங்கிருந்து என்பதைப் பாடல் சொல்லவில்லை. மரபுவழி உரைகள் விண்ணுலகைச் சுட்டுகின்றன. அதற்கும் 19-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே, உழவர்கள் கண்ணால் கண்டு நல்ல கரும்பைத் தேர்ந்து கரணை வெட்டி வைத்த நெடுங்காலத் தெரிவு, எழுத்தில் பதிவு பெறாமல் போயிற்று.

விதை கண்டறியப்படுதல்

கரும்பு கரணையால், அதாவது கணுவோடு கூடிய தண்டுத் துண்டால் நடப்படுவது. ஆகவே ஒரு வயலின் கரும்பெல்லாம் மரபு வழியில் ஒரே செடியின் நீட்சியாக அமைகின்றன. கரும்புக்கு முளைக்கும் விதை இல்லை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1850-களின் இறுதியில் பார்படோசில் நாற்றுகள் தோன்றியதாக வந்த செய்தி நம்பப்படாமல் மறக்கப்பட்டது. ஜாவாவில் செரே என்னும் நோய் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த 1880-களில், அங்கே சோல்ட்வெடலும், பார்படோசில் ஹாரிசன், போவெல் ஆகிய இருவரும் தனித்தனியே விதை முளைப்பதை உறுதிசெய்தனர். 1887, 1888 என்னும் இரண்டு ஆண்டுகளும் நூல்களில் காணப்படுவதால், முதன்மை யாருக்கு என்பதை அறுதியிட்டுக் கூற இயலாது. ஒவ்வொரு விதையும் வெவ்வேறு குணமுள்ள செடியைத் தருகிறது என்பதும், அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிட்டால் கரணை வழியாக அதை மாறாமல் எத்தனை காலமும் பெருக்கலாம் என்பதும் தெளிவானதும், இனவிருத்திக்கு வழி பிறந்தது.

கோயம்புத்தூர் நிலையம், 1912–1942

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும் இருந்தது. அங்கே விளைந்தவை விரற்பருமனுள்ள நாட்டுக் கரும்புகள். குளிரையும் வறட்சியையும் தாங்குபவை, ஆனால் விளைச்சல் குறைந்தவை. தெற்கின் பருங்கரும்புகளோ வட இந்தியப் பனியில் நிலைக்கவில்லை. ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக இறக்குமதியாகிக்கொண்டிருந்தது. வடக்குக்கு ஏற்ற புதிய இரகங்கள் தேவைப்பட்டன. ஆனால் வடக்கின் கரும்புகள் வட இந்தியாவில் பூப்பதும் விதை பிடிப்பதும் அரிது. பதினோராம் அகலக்கோட்டை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் அருகே அமைந்த கோயம்புத்தூரில், பகற்பொழுதின் நீளமும் காற்றின் ஈரமும் ஒத்துவருவதால், ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு தாராளமாகப் பூக்கிறது. வடக்கின் தேவைக்கான ஆய்வு தெற்கே அமைந்ததற்கு இதுவே காரணம்.

நிலையத்தின் முதல் தலைவர் சி. ஏ. பார்பர், அதற்கு முன் சென்னை மாகாண அரசின் தாவரவியலறிஞராக இருந்தவர். கோதாவரிப் பகுதியில் செவ்வழுகல் நோய் பரவியபோது சாமல்கோட்டையில் கரும்பு ஆய்வைத் தொடங்கியவர். கணு, மொட்டு, இலையுறையின் மயிர் போன்ற நுண்ணிய அடையாளங்களைக் கொண்டு இந்திய நாட்டுக் கரும்புகளை முங்கோ, சரேதா, சுன்னபில், பன்சாகி, நர்கோரி என ஐந்து குழுக்களாக அவர் வகுத்தார். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் தலைமைப் பொறுப்பை ஏற்று 1942 வரை நிலையத்தை நடத்தியவர் டி. எஸ். வெங்கட்ராமன்.

கலப்பு செய்யும் முறை பொறுமையைக் கோருவது. கரும்பின் பூங்கதிர் வெள்ளிநிறப் பஞ்சுக் குச்சம் போலத் தோகைக்கு மேல் எழுகிறது. அதில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால், எதைத் தாயாகக் கொள்வது, எதைத் தந்தையாகக் கொள்வது என்பதை முதலில் அறிய வேண்டும். மகரந்தத்தை அயோடின் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் நோக்கினால், மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருத்துத் தெரியும். வெறுமையானது நிறம் பிடிக்காது. மகரந்தம் பழுதான கதிரே தாய்க்கு உகந்தது, தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளாது என்பதால். அந்தக் கதிரை உறையால் மூடி, விடியற்பொழுதில் தந்தைக் கதிரின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்ப்பர். சில வாரங்களில் முதிரும் பஞ்சைச் சேர்த்துச் சட்டிகளில் விதைத்தால், புல் முளை போன்ற நாற்றுகள் மேலெழும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றோ இரண்டோ இரகமாகத் தேறும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

நிலையத்தின் முதல் வெற்றி கோ 205. ‘வெள்ளை’ என்னும் பருங்கரும்பைத் தாயாகவும் கோயம்புத்தூர்ப் பகுதி நாணலைத் தந்தையாகவும் கொண்ட இக்கலப்பு, 1918-இல் பஞ்சாப் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. அங்கு வழங்கிய கத்தா என்னும் நாட்டுக் கரும்பைவிட இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. களையென ஒதுக்கப்பட்ட செடியைக் கொண்டு ஆலைக் கரும்பை உருவாக்கத் துணிந்ததே இந்த நிலையத்தின் தனிச்சிறப்பு எனலாம். இக்கலப்பின் பெருமையைச் சிலர் பார்பருக்கும் சிலர் வெங்கட்ராமனுக்கும் உரியதாக்குகின்றனர். இருவரும் ஒன்றாகப் பணியாற்றிய ஆண்டுகள் அவை ஆகையால் பிரித்துச் சொல்வது கடினம். உலகில் நாணல் இரத்தம் ஏறிய முதல் வணிகக் கரும்பு இதுவே என்னும் கூற்றும், ஜாவாவில் கசூர் என்ற இயற்கைக் கலப்பு முன்பே இனவிருத்திக்குப் பயன்பட்டதை எண்ணும்போது, மனிதர் திட்டமிட்டுச் செய்த கலப்பு என்ற வரம்போடு ஏற்கத்தக்கது.

ஜாவாவின் டச்சு அறிஞர்கள் இதே காலத்தில் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தனர். நாணல் கலப்பை மீண்டும் மீண்டும் பருங்கரும்போடு சேர்த்துச் சர்க்கரையை மீட்கும் முறையை யெஸ்வீட் வகுத்தார். 1921-இல் அங்கு உருவான பிஓஜே 2878 ‘அதிசயக் கரும்பு’ என்று புகழ்பெற்றது. இம்முறை ஏன் இவ்வளவு விரைவில் பலிக்கிறது என்பதை பிரெமர் என்பவர் நுண்ணோக்கியின் வழியே விளக்கினார். உயிரணுவில் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களைப் பொதுவாகத் தாயும் தந்தையும் பாதிப் பாதியாக வழங்குவர். பருங்கரும்போ தாயாக நிற்கும்போது தன் 80 குரோமோசோம்களையும் முழுமையாகக் கொடுத்துவிடுகிறது. எனவே இரண்டு தலைமுறைக்குள் கலப்பினம் மறுபடியும் பருங்கரும்பின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

கோயம்புத்தூர் இரகங்களின் வரிசை இதன்பின் நீண்டது. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் கோ 213 பரவியது. 1920-களில் தேமல் நோயால் நொடிந்த அமெரிக்காவின் லூசியானாவில், ஜாவாக் கரும்புகளைத் தொடர்ந்து கோ 281, கோ 290 ஆகியவை பயிரிடப்பட்டன. பிஓஜே 2878-ஐத் தாயாகவும் கோ 290-ஐத் தந்தையாகவும் கொண்டு உருவான கோ 419, ஜாவாவின் உழைப்பும் கோவையின் உழைப்பும் ஒரே தண்டில் கூடியது. தென்னிந்தியாவிலும் மகாராட்டிரத்திலும் பல பத்தாண்டுகள் அது நிலைத்து நின்றது. 1938-இல் கோவையில் கலந்த விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு அனுப்ப, அங்கே அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட என்கோ 310 தைவான், ஆஸ்திரேலியா வரை சென்றது. 1932-இல் இறக்குமதிச் சர்க்கரைக்கு எதிரான காப்புச் சட்டம் வந்ததும், 30 அளவில் இருந்த இந்திய ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. சட்டமில்லாமல் இரகங்கள் மட்டுமே இதைச் செய்திருக்குமா என்பதில் பொருளியல் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆலைகளுக்கு வேண்டிய கரும்பு வயலில் தயாராக இருந்தது என்பதில் ஐயமில்லை. வெங்கட்ராமன் 1937-இல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

எல்லை கடந்த கலப்புகள், ஜானகி அம்மாள்

பேரின எல்லையைத் தாண்டிக் கலக்கும் முயற்சிகளும் 1930-களில் நடந்தன. கரும்பையும் சோளத்தையும் கலந்த வெங்கட்ராமன், விரைவில் முதிரும் கரும்பை அதன்வழி தேடினார். அடுத்து அவர் அறிவித்த கரும்பு–மூங்கில் கலப்பு உலகெங்கும் பேசப்பட்டது. அந்த நாற்றுகள் உண்மையில் மூங்கிலின் கலப்புத்தானா என்னும் ஐயத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் எழுப்பினர்.

இக்கலப்புகளின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர் தலைச்சேரியில் 1897-இல் பிறந்த இ. கே. ஜானகி அம்மாள். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் ஆய்வுப் பட்டம் பெற்று, 1934 முதல் 1939 வரை கோவையில் இருந்தார். நாணலுக்குள்ளேயே குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை மாறுபடுவதாக இன்று அறியப்பட்டுள்ளது. அந்தப் பன்மையைத் தொடக்கத்திலேயே கூர்ந்து நோக்கியவர்களுள் அவர் ஒருவர். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து அவர் பெற்ற செடி 1938-இல் அறிவிக்கப்பட்டது. 1939-இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி, சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விளக்கத் தொகுதியை 1945-இல் வெளியிட்டார். அவர் கோவையை விட்டு நீங்கியதற்குப் பெண் என்பதாலும் சாதியாலும் நேர்ந்த புறக்கணிப்பு காரணம் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பத்மஸ்ரீ விருது அவருக்கு 1977-இல் வழங்கப்பட்டது. 1957 என்று எழுதும் நூல்களும் உள்ளன. இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் அவர் ஆய்ந்த மக்னோலியா மரங்களுள் சிறு வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு வகைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

பின்னைய வளர்ச்சி

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, நாணல் வகைகளைத் தேடிச் சேர்க்கும் பயணங்கள் இந்தியா முழுவதும் மேற்கொள்ளப்பட்டன. கேரளத்தின் கண்ணூரில் பேணப்படும் கரும்பு வகைத் தொகுப்பு உலகின் இரு பெருந்தொகுப்புகளில் ஒன்று. மற்றொன்று அமெரிக்காவின் மயாமியில் உள்ளது. 1969-இல் நிலையம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 2000-இல் வெளியான கோ 86032 தமிழகம் உள்ளிட்ட தீபகற்ப மாநிலங்களில் மறுதாம்புக்கும் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் பயிருக்கும்) உகந்த இரகமாகப் பரவியது.

மரபணுத் தொகுதி ஆய்வில் கரும்பு பின்தங்கியே வந்தது. இன்றைய இரகங்களில் குரோமோசோம்கள் 100-க்கு மேல் இருப்பதும், அவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை நாணலிலிருந்து வந்திருப்பதும், ஒரே மரபணுவின் பல படிகளைப் பிரித்தறிவதை அரிதாக்கின. நாணலின் தொகுதி 2018-இலும், ரீயூனியன் தீவின் ஆர்570 இரகத்தின் முழுத் தொகுதி 2024-இலும் வெளியாயின. மரபணு மாற்றிய கரும்பை, வறட்சி தாங்கும் பண்புக்காக இந்தோனேசியா 2013-இலும், தண்டு துளைப்பானை எதிர்க்கும் பண்புக்காக பிரேசில் 2017-இலும் ஏற்றன.

2009-இல் வெளியான கோ 0238, உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் பரவி ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதத்தை, உயர்த்தியது. ஒரே இரகம் இவ்வளவு பரப்பைப் பிடித்த நிலையில், சில ஆண்டுகளுக்குள் செவ்வழுகல் நோயின் புதிய வடிவத்துக்கு அது இலக்கானது. இப்போது அங்கே அதற்கு மாற்றாக வேறு இரகங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.